கல்லூரி குவாயரில் பாடி வெளிநாடு போக: வடசென்னைப் பிள்ளைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ராயபுரத்தில் வளர்ந்த எனக்குக் கூட்டமாகப் பாடுவது என்றால் டிசம்பர் மாதக் கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ்தான். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு கிடார், ஒரு டிரம்மோடு சந்து சந்தாகப் போவோம். யார் தொண்டை அடுத்த தெருவுக்குக் கேட்கிறதோ அவர்தான் பாடகர். கல்லூரியில் குவாயர் என்ற சேர்ந்திசைக் குழுவின் தேர்வுக்கும் அதே தொண்டையோடுதான் போனேன். சேர்த்துக்கொண்டார்கள். முதல் வாரமே குவாயரை வழிநடத்தும் நடத்துநர் பாட்டை நிறுத்தி, "உன் குரல் எனக்குத் தனியா கேக்குதுப்பா. பக்கத்துல நிக்கிறவன் குரல் உனக்குக் கேக்குதா?" என்று கேட்டார். எனக்குக் கேட்கவில்லை. அதைக் கேட்கப் பழகவே ஒரு வருஷம் ஆனது.

இரண்டாம் வருஷக் கடைசியில் ஜெர்மனிக்குப் போய்ப் பாடினோம். எங்களோடு வந்திருக்க வேண்டிய இரண்டு பேர் வரவில்லை. பாட்டில் அவர்களிடம் ஒரு குறையும் கிடையாது. பாஸ்போர்ட் நேரத்துக்குக் கைக்கு வரவில்லை, அவ்வளவுதான். அதனால் இந்த வழிகாட்டியில் இரண்டு வேலைகளைப் பற்றித்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஒன்று காது, இன்னொன்று காகிதம். குவாயரில் சேர்ந்த அன்றே இரண்டையும் தொடங்க வேண்டும்.

எந்தக் கல்லூரி

பல குரல் குவாயருக்கு நீண்ட மரபுள்ள கல்லூரிகள் பெரும்பாலும் நம் பக்கம் இல்லை. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி 1837-ல் ஜார்ஜ் டவுனில் ஒரு பள்ளிக்கூடமாகத் தொடங்கியதுதான், ஆனால் 1937-ல் தாம்பரத்துக்குப் போய்விட்டது. எனவே ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டையில் இருந்து போகிறவர்கள் பயண நேரத்தைக் கணக்கில் வைத்துக்கொண்டு சேருங்கள். குவாயர் பயிற்சி வகுப்பு முடிந்த பிறகுதான் நடக்கும். ஆறரைக்கு விட்டால் பீச் ஸ்டேஷனில் இறங்க எட்டு மணி ஆகிவிடும். வாரத்தில் மூன்று நாள் இப்படி என்று வீட்டில் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், குறிப்பாகப் பெண் பிள்ளைகள். நடுவில் சொன்னால் அதுவே சண்டையாகி, பயிற்சி நின்று போவதைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கல்லூரியில் குவாயரே இல்லையா? பன்னிரண்டு பேர் போதும், நான்கு குரல் வரிசையில் ஒரு குரலுக்கு மூன்று பேர். சர்ச்சில் கீபோர்டு வாசிக்கும் ஒருவரைப் பிடித்து, நூலகத்துக்குப் பின்னால் ஒரு அறை கேட்டு வாங்குங்கள். முதல் வருஷம் கல்ச்சுரல்ஸில் இரண்டு பாட்டு ஒழுங்காகப் பாடினால் அடுத்த வருஷம் கல்லூரியே கூப்பிடும்.

குரல் தேர்வு

தேர்வில் நான்கு விஷயங்கள் பார்ப்பார்கள். உங்கள் குரல் எதுவரை கீழே போகிறது, எதுவரை மேலே போகிறது. கீபோர்டில் நான்கைந்து ஸ்வரம் வாசித்தால் அதை அப்படியே திருப்பிப் பாடுகிறீர்களா. இரண்டு ஸ்வரத்தைச் சேர்த்து வாசித்தால் கீழே உள்ளதைத் தனியாகப் பிடித்துப் பாட முடிகிறதா. கடைசியாக, உங்களுக்குப் பிடித்த பாட்டில் ஒரு பகுதி.

பலர் நான்காவதற்குத்தான் ராப்பகலாகத் தயார் செய்கிறார்கள். என் அனுபவத்தில் முடிவு மூன்றாவதில்தான். அதற்கு வீட்டிலேயே பழகலாம். போனில் ஒரு பியானோ ஆப் போட்டு இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்துங்கள், கீழ் ஸ்வரத்தை முணுமுணுங்கள், பிறகு தனியாக அழுத்திச் சரி பாருங்கள். தினமும் பத்து நிமிடம், ஒரு மாதம். கானா பாடிய காது, பஜனைக்குப் போன காது, பறை அடிக்கும் வீட்டுக் காது எல்லாமே ஏற்கெனவே நன்றாகப் பழகியவைதான். ஐந்து வயதில் இருந்து பியானோ படித்தவர்களுக்கு மட்டும்தான் குவாயர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பாட்டுக்குச் சினிமாப் பாட்டோ கீர்த்தனையோ எதையும் எடுக்கலாம். சங்கதி (ஒரே வரியை மாற்றி மாற்றி வளைத்துப் பாடுவது) குறைவாக, நீளமாக நிற்கும் ஸ்வரங்கள் உள்ளதாக எடுங்கள்.

தேர்வுக்குப் பிறகு சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று ஒரு வரிசையில் நிறுத்துவார்கள். சோப்ரானோவும் ஆல்ட்டோவும் பெண்களின் மேல், கீழ்க் குரல்கள், டெனரும் பேஸும் ஆண்களுடையவை. பதினெட்டு வயதில் பையன்களுக்குக் குரல் இன்னும் முழுதாக உட்கார்ந்திருக்காது. முதல் வருஷம் டெனரில் நின்றவன் மூன்றாம் வருஷம் பேஸுக்கு இறங்குவது சகஜம். ஆல்ட்டோவில் போட்டார்கள் என்று வருத்தப்படும் பெண்கள் உண்டு. மெட்டு கிடைக்காது என்பது அவர்கள் குறை. நடுக்குரலைச் சரியாகப் பிடிக்கத்தான் நல்ல காது வேண்டும், அதனால்தான் அங்கே போட்டிருக்கிறார்கள்.

காது

இனி முக்கியமான விஷயம். நம் பாட்டில் ஸ்வரம் அசையும். கமகம், சறுக்கல், பிருகா என்று அழகு முழுவதும் அந்த அசைவில்தான் இருக்கிறது. குவாயரில் ஸ்வரம் நிற்க வேண்டும். நாற்பது பேர் ஒரே ஸ்வரத்தில் நிற்கும்போது நீங்கள் ஒருவர் மட்டும் கீழிருந்து சறுக்கி மேலே வந்தால் மொத்தமும் கலங்கிவிடும். இதை ஒழிக்க எனக்கு ஆறு மாதம் பிடித்தது. உதவியது ஒரே பயிற்சி. சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு, ‘ஆ’ என்று ஒரே ஸ்வரத்தை இருபது வினாடி அசையாமல் பிடிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டால் குரலுக்கும் சுருதிக்கும் நடுவில் ஒரு ‘உவாங் உவாங்’ என்ற துடிப்பு கேட்கும். அது மெதுவாகி மெதுவாகி நின்றுவிடும் இடம்தான் சேரும் இடம்.

அடுத்து காந்தாரம், அதாவது ‘க’. ச, க, ப மூன்றும் சேர்ந்து ஒலிப்பதுதான் மேற்கத்திய இசையில் மேஜர் கார்டு. சங்கராபரண ஸ்வரங்கள்தான் அவர்களுடைய மேஜர் ஸ்கேல். ஆனால் கீபோர்டில் உள்ள அந்தக் காந்தாரம் இயற்கையான காந்தாரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். ஒரு அரை ஸ்வரத்தை நூறு செண்டாகப் பிரித்தால் கீபோர்டு காந்தாரம் ‘ச’வில் இருந்து 400-ல் இருக்கும், இயற்கையானது 386-ல் இருக்கும். அந்த 14 செண்ட் வித்தியாசத்தைக் கேட்க வேண்டுமானால் நன்றாகச் சுருதி சேர்த்த தம்பூராவுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். யாரும் மீட்டாமலே ஒரு அந்தர காந்தாரம், அதாவது சங்கராபரணத்தில் வரும் ‘க’, உள்ளிருந்து ஒலிக்கும். வாத்தியம் இல்லாமல் பாடும்போது குவாயர் தேடும் காந்தாரம் அதுதான். அது கிடைத்த நிமிடம் நாற்பது பேர் குரலும் ஒரே குரலாகிவிடும்.

எனக்கு அது முதன்முதலில் கிடைத்தது கல்லூரியின் பழைய மாடிப்படியில். அறை கிடைக்காமல் படியில் நின்று பாடினோம். எங்கள் டெனர் வரிசைக்கு அன்று காந்தாரம். நடத்துநர் கட்டை விரலை மட்டும் லேசாகக் கீழே காட்டினார். ஒரு மயிரிழை இறக்கினோம். சுவரே பாடுவது போல ஒரு சத்தம் வந்தது. மேலே ஒருவரும் பாடாத ஒரு ஸ்வரம் கேட்டது. பக்கத்தில் நின்ற வியாசர்பாடி நண்பன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

நோட்டேஷன் படிக்கத் தெரியாதே என்று பயப்பட வேண்டாம். டோ, ரே, மீ என்ற சோல்ஃபா முறையை 19-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் கர்வென் பரப்பியதே சாதாரண ஜனங்கள் சேர்ந்து பாடத்தான். அதில் ‘டோ’ எந்தச் சுருதியிலும் இருக்கலாம், நம் ‘ச’ போலவே. சரளி வரிசை தெரிந்தவர்களுக்கு ஒரு வாரத்தில் வந்துவிடும். ஐந்து கோட்டு நோட்டேஷனை அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்கலாம். கையில் எப்போதும் பென்சில் இருக்கட்டும். மூச்சு எங்கே எடுக்க வேண்டும், எங்கே எடுக்கவே கூடாது என்பதைச் சொன்ன நிமிடமே தாளில் குறித்துவிடுங்கள்.

வாத்தியம் இல்லாமல் பாடினால் சுருதி மெல்ல மெல்ல இறங்கும். எல்லாக் குவாயருக்கும் உள்ள நோய் இது. களைப்பு, மூச்சுப் போதாமை, ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்பப் பாடும்போது வரும் அசதி எல்லாம் காரணம். இறங்கும் ஸ்வரங்களைச் சின்ன அடியாகவும் ஏறும் ஸ்வரங்களைப் பெரிய அடியாகவும் நினைத்துப் பாடுங்கள்.

உச்சரிப்பில் தமிழ் தரும் பலம்

லத்தீன் பாட்டுகள் நிறைய வரும். அ, எ, இ, ஒ, உ என்ற நம் உயிர்கள் லத்தீனுக்கு அப்படியே பொருந்தும். ஆங்கிலம் பேசிப் பழகியவர்கள்தான் அங்கே திணறுவார்கள். இன்னொன்று, ‘தோமினுஸ்’ என்பதில் வருவது ‘பந்து’வில் வரும் நம் ‘த’ ஒலியேதான், நாக்கு பல்லில் பட வேண்டும். இங்கிலீஷ் மீடியம் பழக்கத்தில் ‘டோமினுஸ்’ என்று பாடினால் உடனே திருத்துவார்கள். ஆங்கிலப் பாட்டில் நேர்மாறான சிக்கல். அங்கே ‘ட’ ஒலியில் நாக்கு மேலண்ணத்துக்கு மடங்கவே கூடாது. பல்லுக்குச் சற்று மேலே ஈறில் தொட்டால் போதும். ‘ஃப’வை ‘ப’ ஆக்காமல் இருக்கவும் பழகுங்கள்.

தொண்டை

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வண்டியில் போய்விட்டு நேராகப் பயிற்சிக்கு நின்றால் குரல் அடைத்துத்தான் இருக்கும். மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு போங்கள். நாள் முழுக்கத் தண்ணீர் குடியுங்கள். பாடுவதற்கு முன் உதட்டை ‘ப்ர்ர்ர்’ என்று அதிரவிட்டு ஐந்து நிமிடம் மேலும் கீழும் போய் வாருங்கள். தொண்டை கட்டிவிட்டால் கிசுகிசுப்பாகப் பேசாதீர்கள், அது இன்னும் கெடுக்கும். மெதுவாகப் பேசலாம், பேசாமலே இருந்தால் இன்னும் நல்லது. மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு இருந்தால் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

ஓ.டி.யும் அரியரும்

பயணத்தைப் பெரும்பாலும் மே முதல் ஜூலைக்குள் வைப்பார்கள். ஐரோப்பாவில் கோடை, நமக்கு விடுமுறை. ஆனால் அதற்கு முந்தைய மாதங்களில்தான் பயிற்சி கூடும், செமஸ்டரும் வரும். ஓ.டி. (ஆன் டூட்டி) கடிதத்தை, அதாவது கல்லூரி வேலையாகத்தான் வகுப்புக்கு வரவில்லை என்ற கடிதத்தை, அன்றன்றே துறையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கி ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் கொடுத்தால் 75 சதவீத வருகைக் கணக்கில் உதைக்கும். அரியர் வைத்தவர்களைப் பயணப் பட்டியலில் சேர்க்காத கல்லூரிகள் உண்டு. விதியை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

காகிதம்

பாஸ்போர்ட் முதலில். பயணம் உறுதியாகும் வரை காத்திருக்காதீர்கள். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய், தட்கல் என்றால் மேலும் 2,000. பெரியவர்களுக்குப் பத்து ஆண்டு செல்லும். நம் பக்கத்தில் இருந்து அமைந்தகரை சேவா மையம் வசதி. பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் கண்டிப்பாக இணையுங்கள், அதை வைத்துத்தான் குடிபெயர்வுச் சோதனை (எமிக்ரேஷன் செக்) தேவையில்லாத பாஸ்போர்ட் கிடைக்கும். வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவர்கள் ஆதார் முகவரியை முதலில் சரி செய்யுங்கள். போலீஸ் விசாரணைக்கு வரும்போது ஆள் அந்த முகவரியில் இல்லை என்றால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். என்னோடு வர முடியாமல் போன இருவரில் ஒருவருக்கு நடந்தது இதுதான்.

இன்னொருவருக்குப் பெயர்ச் சிக்கல். நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. ஆதாரில் இனிஷியல் முன்னால், மார்க் ஷீட்டில் பின்னால், வங்கிக் கணக்கில் அப்பா பெயர் முழுதாக என்று மூன்று விதமாக இருந்தால் எங்காவது ஒரு இடத்தில் தடுப்பார்கள். விண்ணப்பிக்கும் முன் எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்குங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தை வெறுமையாக விடாமல் அப்பா பெயரை விரித்து எழுதுவது நல்லது. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் விதி கொண்டுவந்தது. துபாயில் ஒரு கச்சேரி என்று அழைப்பு வந்தால் அன்றைக்குத் தவிக்க வேண்டியிருக்கும்.

அடுத்து விசா. ஜெர்மனி, இத்தாலி, பிரான்ஸ் எல்லாம் ஷெங்கன் என்ற ஒரே விசாவில் அடங்கும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் இறங்கும் நாடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். கோடைக்கு முன் நேரம் ஒதுக்கிக் கிடைப்பதே கஷ்டம், அதனால் மூன்று மாதம் முன்பே பதிவு செய்துவிடுங்கள். 2024 ஜூனில் இருந்து கட்டணம் 90 யூரோ. திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் பாஸ்போர்ட் செல்ல வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாத முதல் வருஷப் பிள்ளைகளுக்கு அப்பா அம்மா இருவரின் சம்மதக் கடிதமும் தேவை.

பணக் கணக்கு காட்டுவதில்தான் நம் வீடுகள் பயந்து போகின்றன. அப்பா காசிமேட்டில் மீன் ஏலத்துக்குப் போகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், மின்ட் பக்கம் கடையில் வேலை செய்கிறவர் என்றால் வருமான வரி ஆவணம் இருக்காது. இதற்கு வழி இருக்கிறது. கல்லூரி முதல்வரின் கடிதத்தில் மூன்று விஷயம் தெளிவாக வரட்டும்: இவர் எங்கள் மாணவர், இந்தத் தேதியில் திரும்பி வந்து இந்தத் தேதியில் வகுப்பில் இருப்பார், பயணச் செலவை இன்னார் ஏற்கிறார். அழைக்கும் அமைப்பின் கடிதத்தில் தங்கும் இடமும் சாப்பாடும் யார் பொறுப்பு என்று இருக்கட்டும். வீட்டில் வரும் பணத்தைச் சிறுகச் சிறுக வங்கிக் கணக்கு வழியாக வரவு வையுங்கள். விசாவுக்கு முந்தின வாரம் கடன் வாங்கி ஒரே தொகையாகப் போட்டால் அது சந்தேகத்தைத்தான் கிளப்பும். மீன் ஏல ரசீது, ஆட்டோ பர்மிட் நகல், கடை முதலாளியின் சம்பளக் கடிதம் எல்லாவற்றையும் ஒரு பக்க விளக்கத்தோடு இணையுங்கள். எங்கள் வீட்டில் அம்மாவின் மகளிர் சுய உதவிக் குழுப் பாஸ்புக்கைக்கூட வைத்தோம்.

செலவைத் திரட்ட டிசம்பர்தான் நல்ல மாதம். கிறிஸ்துமஸ் கச்சேரி, பழைய மாணவர்கள், பாரிமுனை வியாபாரிகள் என்று கேளுங்கள். ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கொடுங்கள். பணம் கட்ட முடியாதவரின் பெயர் யார் வாயிலும் வரக்கூடாது. பொருளாளருக்கும் ஆசிரியருக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

போட்டியா, கச்சேரியா

வேல்ஸில் லாங்கோலன் இசை விழா 1947-ல் இருந்து நடக்கிறது. உலகக் குவாயர் விளையாட்டுகள் 2000-ல் தொடங்கி இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாடு நாடாக நடக்கின்றன. போட்டிக்குப் பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும், பெரும்பாலும் ஒலிப்பதிவும் கேட்பார்கள், அச்சிட்ட அசல் இசை நோட்டுகள் (பாட்டுத் தாள்கள்) வேண்டும், ஜெராக்ஸ் செல்லாது. முதல் பயணத்துக்கு என் யோசனை கச்சேரிப் பயணம்தான். ஊர் ஊராகச் சர்ச்சுகளில் பாடிக்கொண்டு போகலாம், ஜனங்களைச் சந்திக்கலாம்.

பாட்டுப் பட்டியலில் பாதி தமிழ் இருக்கட்டும். அவர்களுடைய பாட்டை அவர்களே நன்றாகப் பாடுவார்கள். நம்மிடம் கேட்க வருவது வேறு. பாரதியார் பாடல்களைப் பல குரலில் அமைத்துப் பாட முடியும் என்பதை இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் தன் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை வைத்து எப்போதோ காட்டிவிட்டார். கிறிஸ்தவக் கவிஞர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் இருக்கின்றன. ஒவ்வொரு தமிழ்ப் பாட்டுக்கும் நான்கு வரியில் பொருள் எழுதி அச்சிட்டுக் கொடுங்கள். பாரதி நாட்டுடைமை, ஆனால் குரல் அமைத்தவருக்கு உரிமை உண்டு. கேட்டு அனுமதி வாங்கிப் பாடுங்கள்.

பயணத்தில்

வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் நேராக விமான நிலையம். ஆனால் வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவுக்கு மேல் கிளம்பும், மெட்ரோ பதினொரு மணியோடு நின்றுவிடும். முன்னதாகவே போய்விடுங்கள். நோட்டு ஃபைல், ஒரு செட் கச்சேரி உடை, பவர் பேங்க், எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி எல்லாம் கைப்பையில். பெரிய பெட்டி வராமல் போனாலும் அன்று சாயங்காலம் பாட முடிய வேண்டும். பவர் பேங்கைப் பெரிய பெட்டியில் போட அனுமதியும் கிடையாது. சேலைக்கான ஊக்குகளைப் பெரிய பெட்டியில் போடுங்கள். விமானக் காற்று தொண்டையை உலர்த்தும், பேச்சைக் குறையுங்கள்.

கோடையில் மத்திய ஐரோப்பா நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். ராத்திரி ஒன்பதுக்கும் வெளிச்சம் இருக்கும், தூக்கம் வராது, காலையில் நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிடும். முதல் நாள் கச்சேரி வைக்காதீர்கள். பல இடங்களில் வீடுகளில் தங்க வைப்பார்கள். இட்லிப் பொடி, ஊறுகாய் கொண்டு போகலாம், ஆனால் அவர்கள் சமைத்ததை முதலில் சாப்பிடுங்கள். என்னைத் தங்க வைத்த பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கு ஜெர்மன் தெரியாது. காலையில் அவர் சமையலறையில் முணுமுணுத்த மெட்டுக்கு நான் கீழ்க்குரல் போட்டேன். அப்புறம் மூன்று நாளும் தினம் அதுதான் எங்கள் பேச்சு.

கல் கட்டடச் சர்ச்சுகளில் எதிரொலி நான்கைந்து வினாடி நிற்கும். வேகமான பாட்டு அங்கே குழம்பிப் போகும். கச்சேரிக்கு முன் அரை மணியாவது அந்த இடத்தில் பாடிப் பார்த்து, வேகத்தைக் குறைத்து, மெய்யெழுத்துகளைக் கூர்மையாக்குங்கள். கடைசி ஸ்வரத்தை விட்ட பிறகு நடத்துநரின் கை இறங்கும் வரை அசையாதீர்கள். அந்தச் சத்தம் கூரையில் போய் அடங்கும் நேரமும் பாட்டில் சேர்ந்ததுதான். எங்கள் பாரதி பாட்டு முடிந்ததும் ஆல்ட்டோ வரிசையின் ஸ்வரம் மட்டும் மேலே இன்னும் இருப்பது போல இருந்தது. முன்வரிசையில் ஒரு சிறுவன் வாயைத் திறந்தபடி கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பாஸ்போர்ட்டுகளை ஒரே ஆள் கையில் மொத்தமாகக் கொடுக்காதீர்கள். ஒவ்வொருவரும் தன்னுடையதைத் தானே வைத்து, நகலைப் போனிலும் பெட்டியிலும் வையுங்கள். பேருந்தில் ஏறும்போதெல்லாம் எண்ணிக்கை எடுக்க இரண்டு பேர் வேண்டும்.

திரும்பி வந்ததும்

இரண்டு நாள் தொண்டைக்கு ஓய்வு. ஒரு வாரத்துக்குள் கணக்கை எழுதிப் பணம் கொடுத்த எல்லோருக்கும் அனுப்புங்கள், தங்க வைத்த வீடுகளுக்குக் கடிதம் எழுதுங்கள். ஓ.டி. நகல்களைத் துறையில் கொடுத்துச் சரி பாருங்கள். பிறகு ஒரு கெட்டி ஃபைல் வாங்கி, முதல்வர் கடிதத்தின் மாதிரி, அழைப்புக் கடிதம், காப்பீடு, செலவுக் கணக்கு, எந்தெந்த வீட்டில் என்னென்ன வருமான ஆவணம் காட்டினோம் என்ற பட்டியல் எல்லாவற்றையும் பெயர்களை மறைத்து அதில் வையுங்கள். எங்கள் ஃபைலை இரண்டாம் வருஷத்தில் இருந்த திருவொற்றியூர்ப் பெண்ணிடம் கொடுத்தேன். வாங்கியதும் அவள் முதலில் கேட்டது, "அண்ணா, முதல் வருஷப் பசங்கள்ல யாருக்கெல்லாம் பாஸ்போர்ட் இல்ல?" என்றுதான்.